பத்து மணிக்கு அடுப்பு அணையட்டும்: சித்திரை வெயிலில் சமையல், வாசிப்பு, வெளிச்சாப்பாடு

பங்குனி நடுப்பகுதியிலிருந்து வைகாசியில் சோளகம் என்னும் தென்மேல்காற்று எழும்பும்வரை யாழ்ப்பாணத்தில் காற்று அநேகமாகச் செத்துக் கிடக்கும். ஏப்ரல் நடுப்பகுதியில், புதுவருடத்தை ஒட்டிய நாட்களில், சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மத்தியானம் முற்றத்தில் நிற்பவரின் நிழல் காலடிக்குள்ளேயே அடங்கிப்போகும். இந்தக் கிழமைகளைப் புறுபுறுத்துக்கொண்டே கடத்துபவர்கள்தான் அதிகம். ஆனால் வேப்பம்பூ, நுங்கு, மாங்காய், கருப்பணி (பதநீர்) எல்லாம் ஒன்றாகக் கைக்கு எட்டுவதும் இப்போதுதான். வெயிலோடு மல்லுக்கட்டாமல் நாளை மாற்றி அடுக்கினால் போதும். சமையல் விடியப்புறம், வாசிப்பு மத்தியானம், வெளியில் சாப்பிடுவது பின்னேரம்.

இதில் பிசகக்கூடாத நேரம் ஒன்றுதான்: காலை பத்து மணிக்கு மேல் குசினியில் அடுப்பு எரியக்கூடாது. ஓட்டுக்கூரையோ சீற்றோ கொங்கிறீற்றோ, பத்துக்குப் பிறகு கூரையே சூடு இறக்கத் தொடங்கிவிடும். அதோடு அடுப்பு வெக்கையும் சேர்ந்தால் வீடு பொழுதுபட்ட பிறகும் ஆறாது. கொங்கிறீற் தட்டு வீடுகளில் இன்னும் மோசம். பகலில் குடித்த சூட்டை அது இரவில்தான் விடும்.

முதல்நாள் இரவு செய்ய வேண்டியவை

காலைச் சாப்பாட்டுக்குப் பழஞ்சோற்றை விஞ்ச ஒன்றுமில்லை. அடுப்பே தேவையில்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெயிலுக்குள் இறங்குமுன் தண்ணீரும் உப்பும் புளிப்பும் ஒருசேர வயிற்றுக்குள் போவது பெரிய காரியம். சிவப்புப் புழுங்கலரிசிதான் இதற்குத் தோது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் விடவேண்டாம். பச்சையரிசிச் சோறு ஊறினால் கரைந்து களியாகிவிடும்.

இரவுச் சோற்றில் ஒரு பங்கை எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, மண்சட்டியில் போடுங்கள். சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி கொதித்தாறிய தண்ணீர் விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவையுங்கள். சூட்டோடு தண்ணீர் விட்டால் சோறு மேலும் ஊதி உடைந்து பசையாகும். இரவில் உப்புப் போட்டால் புளிப்பு ஏறுவது பிந்தும்; தேங்காய்ப்பால் விட்டுவைத்தால் விடியமுன் பழுதாகிவிடும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளித்த தண்ணி அதைத் தின்னும். மண்சட்டி இல்லாதவர்கள் சில்வர் பாத்திரத்தில் வைக்கலாம்.

இந்த வெக்கைக்கு எட்டு மணித்தியாலம் போதும். இரவு பத்துக்கு வைத்தது காலை ஆறுக்குப் பதமாக இருக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டினால் புளிப்பு கடுகடுத்துப்போகும். விரலால் தொட்டு இழுக்கும்போது நூல் விழுந்தாலோ, புளித்த மணத்தைத் தவிர வேறு நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள். கழுவிச் சரிக்கட்ட முடியாது.

கலக்கும்போது ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் ஆளுக்கு நான்கு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், அளவான உப்பு மூன்றையும் முதலில் கையால் நசுக்கிப் பிசையுங்கள். வெங்காயத்தின் சாறு விட்டதும் ஒரு கோப்பைச் சோறு, அரைக் கோப்பை ஊறல் தண்ணி. பிறகு அரைக் கோப்பை முதற்பால் அல்லது தயிர், இரண்டில் ஒன்றுதான். தேசிக்காய்ப் புளி கடைசியில். புளியை முந்தி விட்டுவிட்டுப் பாலை ஊற்றினால் பால் திரிதிரியாகப் பிரியும். முதல்நாள் மீன்குழம்பு தொட்டுக்கொள்ள இருந்தால் நல்லது. ஆனால் இந்த மாதங்களில் அதை இரவில் பிரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தே எடுக்க வேண்டும்.

தயிருக்கும் கணக்கு மாறும். அரை லீற்றர் பாலுக்கு மற்றக் காலத்தில் ஒரு மேசைக்கரண்டி உறை விடுபவர்கள் இப்போது ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தலாம். பால் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். பின்னேரம் உறையூற்றினால் விடியும்போது வாய் கூசும் புளிப்பு. படுக்கப் போகும்போது ஊற்றுங்கள், காலை எழும்பியதும் பிரிட்ஜுக்குள் வையுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு அதற்குள் சட்டியை நிறுத்தலாம். மண்சட்டியென்றால் அது தண்ணீரை உறிஞ்சி வெளியே கசியவிட்டுக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

காலைச் சமையல்

மத்தியானத்துக்கு மூன்று சாமான் போதும்: சோறு, ஒரு வறை, ஒரு சொதி. அடுப்பில் ஏற்றும் வரிசையும் அதுதான். சொதியைக் கடைசியாக, ஒன்பதரை மணியளவில் இறக்க வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் இந்தச் சூட்டில் நெடுநேரம் தாங்காது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இரவுக்கென்று மிச்சம் வைக்க வேண்டாம்.

வறைக்கு முருங்கையிலை. தாச்சியில் வெங்காயமும் செத்தல்மிளகாயும் வதங்கியதும் இலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம், பிறகு ஒரு பிடி தேங்காய்ப்பூ, இறக்கிவிட வேண்டியதுதான். பச்சை இலையின் குவியலைப் பார்த்து உப்புப் போடாதீர்கள். அது சுருங்கிக் கால்வாசியாகிவிடும்.

மாங்காய்ச் சொதிக்குத்தான் கவனம் தேவை. நான்கு பேருக்கு ஒரு நடுத்தர மாங்காய், பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பச்சைமிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, பாதித் தேங்காய். தேங்காய்ப்பூவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைக் கோப்பை விட்டுப் பிழிந்த முதற்பாலைத் தனியே எடுத்துவையுங்கள். அதே பூவில் இன்னும் ஒன்றரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு இரண்டாம் பால். மாங்காய், வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டு அவியவிடுங்கள். மாங்காய்த் துண்டின் ஓரம் கண்ணாடி நிறத்துக்கு வந்து, அகப்பைக் காம்பால் அழுத்தினால் வெட்டுப்பட வேண்டும். அதற்கு முன் முதற்பாலை விட்டால் காய் வேகக் காத்திருக்கும் நேரத்தில் பால் திரைந்துவிடும்.

பதம் வந்ததும் நெருப்பை நன்றாகக் குறைத்து, உப்புப் போட்டு, முதற்பாலை ஊற்றி, அகப்பையால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிக்கொண்டே நில்லுங்கள். சட்டியின் ஓரத்தில் சின்னக் குமிழிகள் வரிசைகட்டும்போது அணைத்துவிட வேண்டும். நடுவில் கொதி எழும்பினால் பிந்திவிட்டது. மாங்காயின் புளியும் கொதியும் சேர்ந்துதான் பாலைப் பிரிக்கின்றன, ஆகவே தேசிக்காய் இதற்கு வேண்டவே வேண்டாம். திரைந்தாலும் சாப்பிடலாம், பழுதில்லை. சரிசெய்யப் போய் மறுபடி கொதிக்கவைத்தால்தான் எண்ணெய் மேலே மிதந்து பார்க்கச் சகிக்காது.

எந்த மாங்காய் என்றால், கொட்டை முற்றாத புளிமாங்காய் எதுவும். கறுத்தக்கொழும்பான் காயைப் பிடுங்கிச் சொதிக்கு வெட்டுவது பாவம். அது வைகாசி, ஆனியில் பழுக்கட்டும். காற்றுக்கு விழுந்ததென்றால் வேறு கதை.

அடுப்பை அணைத்த கையோடு பகலுக்கான மோரையும் கலந்துவிடுங்கள். ஒரு கோப்பைத் தயிருக்கு மூன்று கோப்பைத் தண்ணீர், ஒரு சின்னத் துண்டு இஞ்சி, அரைப் பச்சைமிளகாய், உப்பு, இரண்டு தேசி இலை. தேசி இலையைக் கிழித்துக் கசக்கிப் போட்டு, கால் மணித்தியாலத்தில் எடுத்து வீச வேண்டும். மற்றதோடு சேர்த்து அரைத்தால் மோர் முழுக்கக் கைக்கும்.

மத்தியானம் பன்னிரண்டரை முதல் நாலு வரை

இந்த நேரத்தில் வெளியே போகாமலிருப்பது சோம்பலில்லை. வாசிப்பதற்கு இதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது, இடத்தைச் சரியாகப் பிடித்தால்.

மேற்குப் பக்க விறாந்தை மூன்று மணிக்கு மேல் உதவாது. வடக்குப் பக்கமோ மரநிழலோ பாருங்கள். வேப்பமரத்தடி குளிர்ச்சிதான், ஆனால் பூக்கும் காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் பூ விழுந்துகொண்டேயிருக்கும். பின்பக்கமாக, இடத்தோளுக்கு மேலால் வெளிச்சம் வரும்படி சாய்மனைக் கதிரையைத் திருப்பிப் போடுங்கள். வெயில் நேரே தாளில் பட்டால் அரை மணித்தியாலத்தில் கண் எரியும், நித்திரை வரும், பழி புத்தகத்தின்மேல் விழும். நனைத்த தட்டியோ சாக்கோ தொங்கவிடுவது காற்று வீசும் நாளில் மட்டும் பலன் தரும். காற்றில்லாத நாளில் அந்த ஈரம் எங்கும் போகாமல் புழுக்கத்தைத்தான் கூட்டும். அப்படிப்பட்ட நாளில் ஃபானும் வெறுந்தரையில் பன்பாயும் போதும்.

எதை வாசிப்பது என்பதில் ஒரு சின்ன ஆலோசனை. சாப்பிட்டவுடன் கனமான கட்டுரை நூலை எடுத்தால் நாலாம் பக்கத்தில் குறட்டை. முதல் அரை மணித்தியாலம் சிறுகதையோ பழைய சஞ்சிகையோ. ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணியளவில் நாவல். நீண்ட நாவலைச் சித்திரை விடுமுறையில் தொடங்குவது நல்லது, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் இருப்பார்கள், ஒரே புத்தகத்தை இரண்டு பேர் முறைவைத்து வாசிக்கலாம்.

புத்தகத்துக்கு மூன்று வழி. வாங்குவதென்றால் நகரில் பூபாலசிங்கம் புத்தகசாலை போன்ற கடைகளைக் காலையில் சந்தைக்குப் போகும்போதே பார்த்துவிட்டு வரலாம். இரண்டாவது, கோட்டைக்குக் கிட்ட இருக்கும் பொது நூலகம். 1959 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உயர்ந்த கூரையும் அகன்ற யன்னல்களும் வெயில் காலத்துக்கென்றே கட்டியது போல இருக்கும். மத்தியானத்தை அங்கே கழிப்பதானால் பதினொரு மணிக்குமுன் போய்ச் சேருங்கள். உச்சி வெயிலில் முற்றவெளித் திடலைச் சைக்கிளில் கடப்பது தண்டனை. 1981 இல் இந்தப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஆகவே ஈழத்துப் பழைய பதிப்பு எதையாவது தேடுபவர்கள் மூன்றாவது வழியையும் பார்த்தே ஆகவேண்டும்: 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம். பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள்வரை இலவசமாகத் தரவிறக்கலாம். அநேகம் படம்பிடித்த பக்கங்கள் என்பதால் கோப்பு பெரிதாக இருக்கும். இரவில் இறக்கிவைத்துவிட்டுப் பகலில் வாசியுங்கள். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் எழுத்து ஒருமடங்கு பெருக்கும். வெயிலில் வைத்து வாசித்தால் கைப்பேசி சூடேறித் திரை மங்கும், அதற்கும் நிழல்தான் மருந்து.

தாள் புத்தகத்துக்கு இந்தக் காலத்தில் வரும் கேடு மூன்று. வியர்த்த கை அட்டையில் கறை விடும், மடியில் ஒரு பருத்தித் துண்டு வைத்திருங்கள். பசை போட்டு ஒட்டிய புத்தகத்தை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டால் பசை இளகி, அடுத்த முறை விரிக்கும்போது தாள் கொத்தாகக் கழன்று வரும். மூன்றாவது, அலுமாரியைச் சுத்தம் செய்கிறோமென்று புத்தகங்களை முற்றத்தில் காயப்போடுவது. பூச்சி போகும், தாளும் மஞ்சளாகி முறியும். நிழலில் விரித்துக் காற்றாடவிட்டால் போதும். அலுமாரிக்குள் போடும் வேப்பிலை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும்; பச்சை இலை ஈரம் விட்டுப் பூஞ்சணம் பிடிக்கவைக்கும்.

வெளியில் சாப்பிடுவது

வெளிச்சாப்பாடு கடையில்தான் என்றில்லை. கருப்பணி காலையில் வாங்க வேண்டியது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்குவதால்தான் அது கள்ளாகாமல் இனிப்பாக நிற்கிறது. வாங்கி வந்ததை அசைக்காமல் கால் மணித்தியாலம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்ததை மட்டும் மெல்ல ஊற்றிக் குடியுங்கள். நாக்கில் சவர்க்காரம் போல வழுக்கினால் சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று அர்த்தம். பனையோலைப் பிளாவில் குடிக்கக் கிடைத்தால் கோப்பையைத் தேடாதீர்கள். ஓலையின் மணமும் சேர்ந்தால்தான் அது முழுமை.

நுங்கு வாங்கும்போது உரித்து வைத்ததை வாங்கவேண்டாம், கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதும் கண்ணில் பெருவிரலை வைத்து லேசாக அழுத்துங்கள். விரல் உடனே புதைந்து உள்ளே தண்ணி தளும்பினால் இளசு. அழுத்தத்தைத் தாங்கி ரப்பர் போல எதிர்த்தால் சீக்காயாகிக்கொண்டு வருகிறது. அதைத் தின்றால் வயிற்றுக்குத்துத்தான். மெல்லிய தோல் கொஞ்சம் துவர்க்கும், அதோடு சாப்பிடலாம். தோண்டி எடுத்த நுங்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கும். பாலும் சீனியும் போட்டுக் குளிரவைக்கும் புது வழக்கமும் உண்டு. நல்ல நுங்குக்கு அது தேவையில்லை, சுமாரான நுங்குக்கு உதவும்.

கடைகளுக்கு ஐந்தரைக்குப் பிறகு புறப்படுங்கள். நல்லூர்க் கோயிலடியில் றியோ ஐஸ்கிறீம் கடையும் பக்கத்துக் கூல்பார்களும் புதுவருட விடுமுறையில் ஏழு மணிக்கு மேல் நிரம்பி வழியும். ஆறு மணிக்குப் போனால் மேசையும் கிடைக்கும், ஐஸ்கிறீமும் உருகாமல் வரும். எந்தக் கடையானாலும் ஐஸ்கிறீமில் மணல்போல நறுக்கென்று கடிபட்டால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, மின்வெட்டு நாட்களில் இது நடக்கும். வைத்துவிட்டு எழும்புங்கள். யூஸ் குடிப்பதானால் ஐஸ் போடவேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழத்தைக் குளிரவைத்து அடிக்கும் கடையே நல்ல கடை.

வயிறாறச் சாப்பிட, நகரின் பெரியகடைப் பகுதியில் மலாயன் கபேயில் வாழையிலையில் சைவச் சாப்பாடு. மத்தியானச் சனத்துக்குள் புழுங்குவதைவிடப் பின்னேரம் தோசை, வடை, ஒரு பிளேன்ரீ என்று முடிப்பது இந்த மாதங்களுக்கு ஏற்றது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண்முன்னே சுட்டுத் தருவதால் சூடாறாமல் கிடைக்கும். குரக்கன், ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாப் பலகாரம் எது இருக்கிறதென்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒடியல் கூழைப் பகலில் தொடவேண்டாம். உறைப்பும் சூடும் சேர்ந்து வேர்த்து ஊற்றும். பொழுதுபட்ட பிறகு அதே வேர்வைதான் உடம்பைக் குளிரவைக்கும். கொத்துரொட்டி இந்த வெக்கைக்குக் கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே ஒன்றை இரண்டு பேர் பங்கிடுங்கள் என்பதோடு நிறுத்துகிறோம்.

காற்று வேண்டுமென்றால் பண்ணைப் பாலத்துப் பக்கம். கச்சான் கடலை, சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், இவ்வளவும் இரவுச் சாப்பாட்டுக்கே போதுமாகிவிடும். புதுவருடத்தன்று மட்டும் வெளிச்சாப்பாட்டை நம்பி இறங்கவேண்டாம், அநேக கடைகள் பூட்டு.

வேப்பம்பூ வடகம்: இந்த வெயிலை வீணாக்காமல்

வேப்பம்பூ இரண்டு கோப்பை, உளுந்து ஒரு கோப்பை, சின்ன வெங்காயம் இருபது, செத்தல்மிளகாய் எட்டு, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, ஒரு பிடி கறிவேப்பிலை, உப்பு ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைய. காயும்போது உப்பு இறுகும் என்பதை மறக்க வேண்டாம்.

இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் விடியும்போது பூ மண்படாமல் கிடைக்கும். சுளகில் புடைத்துக் காம்பும் இலையும் நீக்குங்கள். பூவைக் கழுவினால் ஒரு பகல் நிழலில் உலர்த்தியே சேர்க்க வேண்டும். உளுந்தை நள்ளிரவில் ஊறப்போடுவது சிரமமென்றால் படுக்கும்போது ஊறப்போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். வெளியே விட்டால் விடியமுன் புளிக்கத் தொடங்கும், புளித்த மா உள்ளே காற்றுப் பிடித்து, காய்ந்ததும் பொருபொருத்து உடையும். காலை ஐந்து மணிக்குத் தண்ணீரை முற்றாக வடித்து, கரகரப்பாக, கூடியவரை தண்ணீர் விடாமல் அரையுங்கள். தண்ணீர் கூடினால் வடகம் வெடிக்கும், பொரிக்கும்போது எண்ணெய் குடிக்கும். வெங்காயத்தை வெட்டி, மிளகாயை இடித்து, பூவையும் மற்றதையும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு விரல் அகலமும் அரை விரல் தடிப்புமாகத் தட்டி, ஏழரைக்குள் வெயிலில் வைத்துவிட வேண்டும்.

முதல்நாள் தொடக்கூடாது, தூக்கினால் பிய்யும். இரண்டாம் நாள் புரட்டுங்கள். நாலு மணிக்குமேல் வெளியே விடாமல் எடுத்துவிடுங்கள். இரவு ஈரம் பட்டால் காய்ந்த காய்ச்சல் வீண். காகத்துக்கு மேலே வலைத்துணி. நான்கு நாள் கழித்து ஒன்றை முறித்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்து, நடுப்பகுதி வெளிப்புறத்தின் நிறத்திலேயே இருந்தால் சரி. நடுவில் வெளிறிய மெதுமை தெரிந்தால் இன்னும் ஒரு நாள், இல்லாவிட்டால் பேணிக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

பொரிப்பது நடுத்தரச் சூட்டில். எண்ணெய் புகைந்தால் உளுந்து வேகுமுன் பூ கருகி, வேம்பின் கசப்புக்கு மேல் கருகல் கசப்பும் ஏறிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருதரம் பேணியைக் கவிழ்த்து வெயில் காட்டுங்கள். மழைக்காலத்தில் நமத்துப்போனால் எண்ணெயில்லாத தாச்சியில் மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம் பிரட்டி ஆறவிட்டுப் பொரிக்கலாம். நமத்ததை அப்படியே போட்டால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியும்.